பதின்மூன்று வயதுக்குக் கீழ் விளம்பரம் இல்லை: கியூபெக் சட்டமும் மொன்றியல் பள்ளிப் பிள்ளைகளின் உணவுப் பழக்கமும்

கனடாவின் மொன்றியல் நகரில் வளரும் ஒரு சிறுவன், உள்ளூர் பிரெஞ்சுத் தொலைக்காட்சியில் தனக்கான கார்ட்டூன் நிகழ்ச்சியைப் பார்க்கும்போது, இடைவேளையில் மிட்டாய்க்கோ, இனிப்பூட்டிய தானிய உணவுக்கோ, பொம்மையுடன் வரும் துரித உணவுக்கோ அவனை அழைக்கும் விளம்பரம் எதையும் காண்பதில்லை. இரண்டு மணி நேரப் பயணத் தொலைவில், ஒன்டாரியோ மாகாணத்தில் வசிக்கும் அவனது மாமன் மகனுக்கு அத்தகைய சட்டப் பாதுகாப்பு கிடையாது. அங்கே நிறுவனங்கள் தாமாக ஏற்றுக்கொண்ட விதிமுறைகள் மட்டுமே உள்ளன.

இந்த வேறுபாட்டுக்குக் காரணம், கியூபெக் மாகாணத்தின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் உள்ள இரண்டு சிறிய பிரிவுகள். 248ஆவது பிரிவு, 13 வயதுக்கு உட்பட்டவர்களை நோக்கிய வணிக விளம்பரங்களைத் தடை செய்கிறது. ஒரு விளம்பரம் குழந்தைகளை நோக்கியதா என்பதை எப்படி முடிவு செய்வது என்று 249ஆவது பிரிவு கூறுகிறது. விற்கப்படும் பண்டம் எத்தகையது, விளம்பரம் எந்த விதத்தில் வடிவமைக்கப்பட்டுள்ளது, எந்த நேரத்தில் எந்த இடத்தில் காட்டப்படுகிறது என்ற மூன்றையும் சேர்த்தே பார்க்க வேண்டும். பெரியவர்களுக்கான நிகழ்ச்சியின் நடுவே வந்தது என்பதோ, பெற்றோரும் பார்க்கும் நேரத்தில் வந்தது என்பதோ மட்டும் ஒரு விளம்பரத்தைக் காப்பாற்றிவிடாது.

கியூபெக் சட்டமன்றம் இதை 1978இல் நிறைவேற்றியது. குழந்தைகளுக்கான விளம்பரத் தடை 1980ஆம் ஆண்டு ஏப்ரல் 30ஆம் தேதி நடைமுறைக்கு வந்தது. அப்போது மாகாண முதல்வராக இருந்தவர் ரெனே லெவெக். நுகர்வோர் துறைக்குப் பொறுப்பான அமைச்சராக இருந்து சட்டத்தைக் கொண்டுவந்தவர் லீஸ் பயெத். இருவருமே தொலைக்காட்சியில் புகழ்பெற்று அரசியலுக்கு வந்தவர்கள். சின்னத்திரை எப்படி மனதுக்குள் நுழைகிறது என்பதை அவர்களுக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

இன்று இந்தச் சட்டம் உலகெங்கும் பொதுச் சுகாதாரக் கூட்டங்களில் எடுத்துக்காட்டாகப் பேசப்படுகிறது. ஆனால் அது இயற்றப்பட்டபோது குழந்தைகளின் உடல் பருமன் பற்றிய கவலை அதன் மையமாக இருக்கவில்லை. உணவு என்று சட்டம் எதையும் தனியே சுட்டவும் இல்லை. பொம்மைக்கும் சரி, பிஸ்கட்டுக்கும் சரி, தடை ஒன்றுதான். நிகழ்ச்சி எது, விற்பனைப் பேச்சு எது என்று பிரித்தறிய இயலாத வயதினரிடம் வியாபாரம் செய்வது நேர்மையற்றது என்பதே அதன் அடிப்படை. வணிக நேர்மைக்காக எழுதப்பட்ட ஒரு சட்டம், முப்பது ஆண்டுகள் கழித்துச் சுகாதாரச் சட்டமாக வாசிக்கப்பட்டது.

பொம்மை நிறுவனம் தொடுத்த வழக்கு

சட்டம் வந்த உடனேயே எதிர்ப்பும் வந்தது. டொரொன்டோவைத் தளமாகக் கொண்ட இர்வின் டாய் என்ற பொம்மை நிறுவனம் நீதிமன்றத்தை நாடியது. தொலைக்காட்சி ஒளிபரப்பு மத்திய அரசின் அதிகாரத்துக்கு உட்பட்டது, அதில் மாகாணம் தலையிட முடியாது என்பது அதன் ஒரு வாதம். வழக்கு நடந்துகொண்டிருந்த காலத்தில் 1982இல் கனடாவின் உரிமைகள் சாசனம் நடைமுறைக்கு வந்தது. அதன் பின்னர் கருத்துச் சுதந்திரம் முக்கிய வாதமாயிற்று. கியூபெக் மேல்முறையீட்டு நீதிமன்றம் நிறுவனத்தின் பக்கம் தீர்ப்பளித்தது.

1989ஆம் ஆண்டு ஏப்ரல் 27ஆம் தேதி கனடிய உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை மாற்றியது. விளம்பரமும் ஒருவகைக் கருத்து வெளிப்பாடே, அதற்கும் சாசனத்தின் பாதுகாப்பு உண்டு என்பதை நீதிபதிகள் ஏற்றுக்கொண்டனர். எனினும், எளிதில் வசப்படக்கூடிய ஒரு பிரிவினரைக் காப்பதற்காக அந்த உரிமையைக் கட்டுப்படுத்துவது சுதந்திரமான ஜனநாயகச் சமுதாயத்தில் நியாயமானதே என்று மூன்று நீதிபதிகள் கூறினர். இரண்டு நீதிபதிகள் உடன்படவில்லை. ஒரே ஒரு நீதிபதி மறுபக்கம் சாய்ந்திருந்தால் இன்று இந்தக் கட்டுரைக்கே இடமிருந்திராது.

பெரும்பான்மையினர் தமது முடிவுக்கு ஆதாரமாக எடுத்துக்கொண்ட ஆவணங்களில் ஒன்று, எல்லைக்கு அப்பால் அமெரிக்காவில் தயாரிக்கப்பட்டது என்பது குறிப்பிடத்தக்கது. அங்கே மத்திய வர்த்தக ஆணையம் 1978இல் சிறு குழந்தைகளுக்கான தொலைக்காட்சி விளம்பரங்களுக்குத் தடை விதிக்க முனைந்தது. உணவு, பொம்மை, ஒளிபரப்புத் துறையினர் ஒன்றுசேர்ந்து எதிர்த்தனர். 1980இல் அமெரிக்க நாடாளுமன்றம் ஆணையத்தின் அதிகாரத்தையே குறைத்துவிட்டது. அந்த முயற்சி கைவிடப்பட்டபோது, ஆணையத்தின் அலுவலர்கள் திரட்டிய இறுதி அறிக்கை மட்டும் எஞ்சியது. ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தைகள் விளம்பரத்தின் நோக்கத்தை விளங்கிக்கொள்வதில்லை என்று அது கூறியது. வாஷிங்டனில் பயனற்றுப்போன அந்த ஆய்வு, ஒட்டாவாவில் கியூபெக் சட்டத்துக்குத் தூணாக நின்றது.

ஆறு வயது வரைதான் ஆதாரம் திடமாக இருக்கிறது என்றால், பதின்மூன்று வயது வரை தடை ஏன்? இந்தக் கேள்வி நீதிமன்றத்திலும் எழுந்தது. எந்த வயதில் கோடு கிழிப்பது என்பதைத் துல்லியமாகக் கணக்கிட முடியாது. அறிவியல் சான்றுகளை எடைபோட்டு நியாயமான ஓர் எல்லையை வகுக்கும் உரிமை சட்டமன்றத்துக்கு உண்டு என்பது பெரும்பான்மையினரின் பதில். பிற்காலத்தில் புகையிலை விளம்பரம் முதலான வழக்குகளிலும் இந்தத் தீர்ப்பு மீண்டும் மீண்டும் பேசப்பட்டது.

சட்டம் பயன் தந்ததா?

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்வது எளிதன்று. ஒரு சமூகத்தின் உணவுப் பழக்கத்தை விலை, வருமானம், மொழி, சமையல் மரபு, தட்பவெப்பம் என எத்தனையோ காரணிகள் தீர்மானிக்கின்றன. கியூபெக் பிள்ளைகள் ஒன்டாரியோ பிள்ளைகளை விடக் குறைவாகத் துரித உணவு உண்கிறார்கள் என்று காட்டினாலும், அதற்குச் சட்டம்தான் காரணம் என்று நிறுவ முடியாது. பிரெஞ்சுச் சமையல் மரபே காரணம் என்று ஒருவர் எதிர்வாதம் செய்யலாம்.

தீர்த்த தார், கேத்தி பேய்லிஸ் என்ற இரு பொருளியல் ஆய்வாளர்கள் இந்தச் சிக்கலுக்கு ஒரு வழி கண்டனர். மொழிதான் அவர்களுக்குக் கைகொடுத்தது. கியூபெக்கில் பிரெஞ்சு பேசும் குடும்பங்கள் பெரும்பாலும் மாகாணத்துக்குள்ளிருந்து ஒளிபரப்பாகும் தொலைக்காட்சிகளையே பார்க்கின்றன. அங்குள்ள ஆங்கிலம் பேசும் குடும்பங்களோ அமெரிக்காவிலிருந்தும் ஒன்டாரியோவிலிருந்தும் வரும் ஒளிபரப்புகளையும் பார்க்கின்றன. அவை கியூபெக் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவை அல்ல. ஆகவே ஒரே நகரில், ஒரே தெருவில், ஒரு வீட்டுக் குழந்தைக்குத் தடை வேலை செய்கிறது, அடுத்த வீட்டுக் குழந்தைக்கு அவ்வளவாக வேலை செய்வதில்லை.

1984 முதல் 1992 வரையிலான குடும்பச் செலவுக் கணக்குகளைக் கொண்டு, குழந்தைகள் உள்ள வீடுகளையும் இல்லாத வீடுகளையும், பிரெஞ்சு வீடுகளையும் ஆங்கில வீடுகளையும், கியூபெக்கையும் ஒன்டாரியோவையும் அவர்கள் ஒப்பிட்டனர். தடையின் பயனாக, ஒரு வாரத்தில் துரித உணவு வாங்கும் வாய்ப்பு 13 விழுக்காடு குறைந்ததாக 2011இல் வெளியான அவர்களது ஆய்வு தெரிவித்தது. குழந்தைகள் உள்ள பிரெஞ்சுக் குடும்பங்களிலேயே இந்தக் குறைவு காணப்பட்டது.

13 விழுக்காடு என்பது பெரிய எண்ணாகத் தோன்றாமல் போகலாம். ஆனால் எந்தக் குழந்தையிடமும் "இதை உண்ணாதே" என்று ஒருவரும் சொல்லாமல், எந்தத் தாயும் கடை வாசலில் பிள்ளையுடன் மல்லுக்கு நிற்காமல் கிடைத்த குறைவு அது. பள்ளிகளில் நடத்தப்படும் விழிப்புணர்வு வகுப்புகள் பலவும் இதைவிடக் குறைந்த விளைவையே தந்துள்ளன. மேலும், எளிதில் பார்க்க முடியாத ஒரு பயனும் உண்டு. பிள்ளை கேட்காததை மறுக்க வேண்டிய தேவை பெற்றோருக்கு ஏற்படுவதில்லை.

இதற்கு மறுபக்கமும் இருக்கிறது. ஒட்டாவா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மோனிக் பொட்வின் கென்ட் உள்ளிட்டோர் பின்னர் நடத்திய ஆய்வுகளில், கியூபெக்கின் பிரெஞ்சுப் பிள்ளைகளும் ஏராளமான உணவு விளம்பரங்களைப் பார்க்கவே செய்கிறார்கள் என்பது தெரியவந்தது. அவற்றில் கார்ட்டூன் உருவங்கள் போன்ற குழந்தைகளைக் கவரும் உத்திகள் குறைவு, அவ்வளவே. பெரியவர்களுக்கு என்று சொல்லி எடுக்கப்பட்ட விளம்பரத்தைப் பிள்ளைகளும் பார்க்கிறார்கள். அதைச் சட்டம் தடுப்பதில்லை.

சட்டத்தின் ஓட்டைகள்

நிறுவனங்களும் சும்மா இருக்கவில்லை. மொன்றியலைத் தலைமையிடமாகக் கொண்ட சப்பூட்டோ நிறுவனம், தனது வஷோன் வகைக் கேக்குகளை விற்க இகோர் என்ற கொரில்லாக் குரங்கின் உருவத்தை உருவாக்கி, குழந்தைகள் பராமரிப்பு நிலையங்கள் வரை விளம்பரத்தைக் கொண்டுசென்றது. உடல் பருமன் பிரச்சினைக்காகக் குரல்கொடுக்கும் கூட்டமைப்பு ஒன்று புகார் கொடுத்தது. நிறுவனம் குற்றத்தை ஒப்புக்கொண்டது. 2009இல் அதற்கு 44,000 டாலர் அபராதம் விதிக்கப்பட்டது. மொன்றியலில் பிள்ளைகள் விரும்பிச் செல்லும் லா ரோந்து கேளிக்கைப் பூங்காவில் செய்த விளம்பரத்துக்காகக் கோக்கக் கோலா நிறுவனமும் பின்னாளில் 27,000 டாலருக்கு மேல் அபராதம் செலுத்தியது. பல நூறு கோடி டாலர் வணிகம் செய்யும் நிறுவனங்களுக்கு இத்தொகைகள் விளம்பரச் செலவில் ஒரு சில்லறைக் கணக்கு. பத்திரிகைகளில் பெயர் அடிபடுவதுதான் அவற்றுக்கு உண்மையான தண்டனையாக இருந்தது.

அதைவிடப் பெரிய ஓட்டை சட்டத்தின் விதிகளிலேயே இருக்கிறது. கடையின் கண்ணாடி முகப்பு, காட்சி அடுக்கு, பொதியுறை, முகப்புச் சீட்டு ஆகியவற்றில் இடம்பெறும் விளம்பரங்களுக்குச் சில நிபந்தனைகளுடன் விலக்கு அளிக்கப்பட்டுள்ளது. இதனால் தொலைக்காட்சியில் வர முடியாத புலியும் முயலும், பல்பொருள் அங்காடியில் சிறுவர்களின் கண்மட்டத்துக்கு நேரே தானிய உணவுப் பெட்டிகளில் சிரித்துக்கொண்டு நிற்கின்றன. மக்டொனால்ட்ஸ் உணவகங்களுக்குள் சிறுவர் உணவுடன் தரப்படும் பொம்மைகளைக் காட்சிக்கு வைப்பது சட்டமீறல் என்று கூறி, மொன்றியலைச் சேர்ந்த ஒரு தந்தை குழு வழக்குத் தொடுக்க அனுமதி கேட்டார். 2018 நவம்பரில் கியூபெக் உயர் நீதிமன்றம் அந்த அனுமதியை வழங்கியது. உணவகத்துக்குள் வைக்கப்படும் காட்சி அடுக்கு எந்த அளவுக்கு விலக்குக்கு உட்பட்டது என்பதே அதில் எழுப்பப்பட்ட கேள்வி.

தென் அமெரிக்காவின் சிலி நாடு இந்த ஓட்டையை அடைக்கும் வழியைக் காட்டியது. 2016இல் நடைமுறைக்கு வந்த அந்நாட்டின் சட்டம், சர்க்கரை, உப்பு, கொழுப்பு மிகுந்த பண்டங்களின் உறைகளில் கறுப்பு நிற எச்சரிக்கை முத்திரையைக் கட்டாயமாக்கியதோடு, அத்தகைய உறைகளிலிருந்து கார்ட்டூன் உருவங்களையும் அகற்றியது. காலத்தால் பிந்திய சட்டம் என்பதால், கியூபெக் 1980இல் எண்ணிப் பார்க்காதவற்றை எண்ணிப் பார்க்க சிலிக்கு வாய்ப்பிருந்தது.

இணையம் வேறொரு சிக்கல். கியூபெக் சட்டத்தில் தொலைக்காட்சி என்ற சொல்லுக்குள் தடை அடைக்கப்படவில்லை என்பதால், இணையத்துக்கும் அது பொருந்தும். ஆனால் வேற்று நாட்டில் இருந்துகொண்டு யூட்யூபில் மிட்டாய்ப் பொதிகளைப் பிரித்துக் காட்டும் ஒருவரை மாகாண நுகர்வோர் அலுவலகம் எப்படி விசாரிக்கும்? 1980களில் ஆங்கிலத் தொலைக்காட்சியின் வழியாக மட்டும் கசிந்த விளம்பரம், கைப்பேசி வந்த பின்னர் எல்லா மொழிகளிலும் கசிகிறது. மொன்றியல் தமிழ்ப் பிள்ளைகளைப் பொறுத்தவரை இது மும்முனைக் கசிவு. 1977ஆம் ஆண்டின் மொழிச் சட்டத்தின்படி புலம்பெயர்ந்தோரின் பிள்ளைகள் பொதுவாகப் பிரெஞ்சுப் பள்ளிகளிலேயே பயில வேண்டும். பள்ளியில் பிரெஞ்சு, நண்பர்களுடன் ஆங்கிலம், வீட்டில் தமிழ் என்று வளரும் பிள்ளை மூன்று மொழித் திரைகளையும் பார்க்கிறது. அவற்றில் ஒன்றுக்கு மட்டுமே வேலி இருக்கிறது.

பள்ளிக்கு உள்ளேயும் வெளியேயும்

விளம்பரத்தைத் தடுத்த மாகாணம், பள்ளிச் சிற்றுண்டிச்சாலையில் விற்கப்படுவதைப் பற்றி நெடுங்காலம் பெரிதாகக் கவலைப்படவில்லை. 2007இல்தான் கியூபெக் கல்வி அமைச்சு, ஆரோக்கியமான உணவுக்கும் உடல் இயக்கத்துக்குமான ஒரு கொள்கைச் சட்டகத்தை அறிவித்தது. இனிப்பூட்டிய பானங்களும் எண்ணெயில் பொரித்த பண்டங்களும் பள்ளிகளிலிருந்து விலக வேண்டும் என்று அது கூறியது. ஆனால் அது சட்டமன்று. கடைப்பிடிக்கத் தவறும் பள்ளிக்குத் தண்டனை ஏதும் கிடையாது.

விற்பனை இயந்திரத்திலிருந்து குளிர்பானம் போய்த் தண்ணீரும் பாலும் வந்த பள்ளிகள் பல. எனினும் உயர்நிலைப் பள்ளி மாணவருக்கு மதிய இடைவேளையில் வாயிற்கதவு திறந்தே இருக்கிறது. சிற்றுண்டிச்சாலையில் பொரித்த உருளைக்கிழங்கு இல்லையென்றால் தெருமுனையில் இருக்கிறது. இந்தியாவில் உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2020இல் வெளியிட்ட விதிகள், கொழுப்பும் சர்க்கரையும் உப்பும் மிகுந்த பண்டங்களைப் பள்ளிக்குள் மட்டுமன்றி, பள்ளியைச் சுற்றி 50 மீட்டருக்குள்ளும் விற்கக்கூடாது என்கின்றன. தள்ளுவண்டிக்காரர் அந்த ஐம்பது மீட்டரை அளந்து பார்த்து நிற்கிறாரா என்பது வேறு கதை.

மொன்றியலில் இந்த வெளிப்புறத்தைக் கையாளத் துணிந்தது கோட்-டெ-நெஜ், நோத்ர்-டாம்-டெ-கிராஸ் பகுதிகளை உள்ளடக்கிய நகர உட்பிரிவு. ஈழத்திலிருந்து வந்த தமிழர் பலர் முதலில் குடியேறிய இடங்களில் கோட்-டெ-நெஜ் ஒன்று. வாடகைக் குடியிருப்புகளும் பல நாட்டவரும் நிறைந்த பகுதி. 2016இல் இந்த உட்பிரிவு, நில வகைப்படுத்தல் விதியைத் திருத்தி, புதிய துரித உணவகங்களைக் குறிப்பிட்ட சில இடங்களுக்குள் கட்டுப்படுத்தியது. ஏற்கெனவே இருந்த கடைகள் தொடர அனுமதிக்கப்பட்டன. உணவகத் துறையினரின் தேசிய அமைப்பும் பெரிய நிறுவனங்களும் வழக்குத் தொடுத்தன. முதல் நீதிமன்றம் மறுத்தது. 2021இல் கியூபெக் மேல்முறையீட்டு நீதிமன்றமும் நகராட்சியின் அதிகாரத்தை உறுதி செய்தது. எந்தத் தெருவில் எந்தக் கடை என்று முடிவு செய்யும்போது மக்களின் ஆரோக்கியத்தையும் ஒரு காரணமாகக் கொள்ளலாம் என்பது இதன் மூலம் நிலைநாட்டப்பட்டது.

ஆனால் துரித உணவகம் என்றால் என்ன? மேசைக்கு வந்து பரிமாறும் வழக்கமின்றி, எறிந்துவிடும் கலன்களில் உணவு தரும் இடம் என்ற வகையிலேயே விதி அதை வரையறுக்கிறது. உணவில் என்ன இருக்கிறது என்பதை வரையறை பார்ப்பதில்லை. அப்படியானால் சோறும் பருப்பும் மரக்கறியும் பெட்டியில் கட்டித் தரும் சிறிய தமிழ்க் கடையும் அதற்குள் அடங்கிவிடக்கூடும். தட்டில் வைத்து மேசைக்குக் கொண்டுவரப்படும் கொத்துரொட்டி அடங்காது. நில வகைப்படுத்தலுக்கு எண்ணெயின் அளவு தெரியாது, நாற்காலியின் எண்ணிக்கைதான் தெரியும்.

ஒரு செல்வந்தரின் பணம்

கியூபெக்கில் இந்த முயற்சிகளுக்குப் பின்னால் ஒரு தனியார் அறக்கட்டளையின் கரமும் இருந்தது. விடியோட்ரோன் என்ற கேபிள் தொலைக்காட்சி நிறுவனத்தை 2000ஆம் ஆண்டில் விற்ற ஆந்திரே ஷன்யோன், அந்தப் பணத்தில் தமது மனைவி லூசியுடன் சேர்ந்து மாபெரும் அறக்கட்டளை ஒன்றை நிறுவினார். 2007இல் மாகாண அரசும் அறக்கட்டளையும் ஆண்டுக்கு தலா 20 மில்லியன் டாலர் என்று பத்தாண்டுகளுக்கு ஒரு கூட்டு நிதியை ஏற்படுத்தின. அரசின் பங்கு புகையிலை வரியிலிருந்து வந்தது. கியூபெக் ஆன் ஃபோர்ம் என்ற அமைப்பின் மூலம் ஊர்தோறும் உள்ளூர்க் குழுக்களுக்கு இந்தப் பணம் பகிர்ந்தளிக்கப்பட்டது. சமையல் வகுப்புகள், விளையாட்டு நேரங்கள், நடந்து பள்ளிக்குச் செல்லும் திட்டங்கள் பல இதனால் உயிர்பெற்றன.

பொது நிதியை எதற்குச் செலவிடுவது என்பதை ஒரு செல்வந்தக் குடும்பம் தீர்மானிக்கலாமா என்று சமூக அமைப்புகளும் தொழிற்சங்கங்களும் அப்போதே கேட்டன. பத்தாண்டு முடிந்து அந்த ஏற்பாடு நின்றபோது அந்தக் கேள்வி வேறு வடிவம் எடுத்தது. பழக்கத்தை வளர்க்கப் பத்தாண்டு போதுமென்று கணக்கிட்டவர்கள், பத்தாண்டுக்குப் பின் பிறக்கும் பிள்ளைகளை எந்தக் கணக்கில் சேர்த்தார்கள் என்பது தெளிவாகவில்லை.

பனிக்காலமும் விளையாட்டும்

கனடிய வழிகாட்டுதல்களின்படி, 5 முதல் 17 வயது வரையுள்ளோர் நாளொன்றுக்கு 60 நிமிடங்களாவது மூச்சு வாங்க உடலை இயக்க வேண்டும். பொழுதுபோக்குக்கான திரை நேரம் இரண்டு மணியைத் தாண்டக்கூடாது. 13 வயது வரை 9 முதல் 11 மணி நேரம் உறங்க வேண்டும். நவம்பரிலேயே மாலை நான்கரை மணிக்கு இருட்டிவிடும் மொன்றியலில் இந்த 60 நிமிடங்கள் எங்கிருந்து வரும்? பள்ளி நேரத்துக்குள்ளேதான் வர முடியும். வெப்ப நாட்டிலிருந்து வந்த பெற்றோர் பனியில் பிள்ளையை வெளியே விட அஞ்சுவது இயல்பு. ஆனால் இங்குள்ள பள்ளிகள், கடுங்குளிர் நாட்களைத் தவிர, பனியிலும் பிள்ளைகளை முற்றத்துக்கு அனுப்பவே செய்கின்றன.

2019 முதல் கியூபெக் தொடக்கப் பள்ளிகளில் காலையில் 20 நிமிடம், பிற்பகலில் 20 நிமிடம் என இரண்டு விளையாட்டு இடைவேளைகள் கட்டாயமாக்கப்பட்டன. குளிராடை அணிய எடுக்கும் நேரத்தையும் இதிலிருந்து கழித்தால் எஞ்சுவது எவ்வளவு என்பதை ஆசிரியர்களே அறிவர். மிதிவண்டி வீரர் பியேர் லவுவா தொடங்கிய போட்டி மற்றொரு முயற்சி. 2009 முதல், மே மாதத்தில், ஒரு பிள்ளை 15 நிமிடம் உடலை இயக்கினால் அதன் பள்ளிக்கு ஒரு சக்திக் கட்டி சேரும். பெற்றோர் கூட நடந்தால் அதற்கும் உண்டு. விருப்பத்தை எழுப்புவதில் இதற்குப் பெயர் உண்டு. ஜூன் மாதத்தில் என்ன நடக்கிறது என்பதுதான் கேள்வி. 2025 இலையுதிர் காலத்திலிருந்து பள்ளி நேரம் முழுவதும் கைப்பேசிக்குத் தடை விதிக்கப்பட்டது. அது கவனத்துக்காகவும் ஒழுங்குக்காகவும் கொண்டுவரப்பட்டது என்றாலும், இடைவேளையில் பந்து மீண்டும் தரையில் உருள இது வழிசெய்யும் என்று பலர் எதிர்பார்த்தனர்.

உணவுப் பெட்டிக்குள் இருப்பது

தமிழ்நாட்டிலிருந்தோ இலங்கையிலிருந்தோ வந்த ஒருவருக்கு மொன்றியல் பள்ளிகளில் வியப்பளிப்பது, பல தொடக்கப் பள்ளிகளில் சமையலறையே இல்லை என்பது. காமராசர் 1956இல் தொடங்கி, எம்.ஜி.ஆர். 1982 ஜூலை 1ஆம் தேதி சத்துணவுத் திட்டமாக விரிவாக்கி, 2022 செப்டம்பரில் காலை உணவும் சேர்ந்த ஒரு மாநிலத்தின் ஏழைப் பிள்ளைக்குப் பள்ளியில் சூடான உணவு உரிமை. பணக்கார ஏழு நாடுகளின் அணியில் இருக்கும் கனடாவில் 2024 வரை தேசிய அளவில் பள்ளி உணவுத் திட்டம் எதுவும் இருக்கவில்லை. அந்த ஆண்டுதான் ஐந்து ஆண்டுகளுக்கு ஒரு பில்லியன் டாலர் ஒதுக்கப்பட்டது. அதுவரை இடைவெளியை நிரப்பியவை தொண்டு அமைப்புகள். மொன்றியலுக்கு எதிர்க்கரையில் உள்ள லோங்கேயில் நகரில் 1994இல் ஒரே ஒரு பள்ளியில் டானியல் ஜெர்மேன் தொடங்கிய காலை உணவுக் கழகம் பின்னர் கனடா முழுவதும் பரவியது.

ஆகவே பெரும்பாலான பிள்ளைகளின் மதிய உணவு வீட்டிலிருந்தே வருகிறது. இங்கேதான் தமிழ்க் குடும்பங்களின் உண்மையான சோதனை தொடங்குகிறது. வேர்க்கடலை ஒவ்வாமை காரணமாகப் பல பள்ளிகள் கடலை வகைகளைக் கொண்டுவர வேண்டாம் என்கின்றன. மீன் குழம்பின் மணம் பிள்ளைக்குக் கூச்சம் தருகிறது. இடியப்பமும் சொதியும் விரும்பிய பிள்ளை, இரண்டாம் வகுப்பில் வெள்ளைப் பாணும் பதப்படுத்திய இறைச்சியும் கேட்கிறது. நண்பர்களைப் போல இருக்க வேண்டும் என்ற ஆசையின் விலை அது. இரண்டு வேலை பார்க்கும் பெற்றோருக்கும் அது எளிது. ஆனால் அந்தப் பெட்டியில் தோற்றுப்போவது வீட்டுச் சமையலில் இருந்த பருப்பும் கீரையும்தான்.

தெற்காசிய வம்சாவளியினருக்கு இரண்டாம் வகை நீரிழிவு ஏற்படும் வாய்ப்பு அதிகம் என்று கனடிய மருத்துவ வழிகாட்டுதல்கள் கூறுகின்றன. ஒல்லியாகத் தோன்றும் உடலிலும் வயிற்றுப் பகுதியில் கொழுப்பு சேர்வதால், எடையை மட்டும் பார்த்து நிம்மதி கொள்ள இயலாது. 355 மில்லிலிட்டர் கொண்ட ஒரு கோலாக் குவளையில் ஏறக்குறைய 39 கிராம் சர்க்கரை இருக்கிறது. வார இறுதிப் பிறந்தநாள் விருந்தில் அதை ஊற்றிக் கொடுப்பது விளம்பரமன்று, உறவினர். எந்தச் சட்டமும் அங்கே எட்டாது. அதே விருந்தில் வெள்ளைச் சோறு மலையாகவும் மரக்கறி ஓரமாகவும் இருக்கும் தட்டையும் சேர்த்தே பார்க்க வேண்டும். துரித உணவை மட்டும் குற்றவாளியாக்குவது நமது சமையலறைக்குச் சலுகை காட்டுவதாகிவிடும்.

கனடிய அரசின் உணவு வழிகாட்டி 2007இல் தமிழிலும் வெளியிடப்பட்டது. 2019இல் வந்த புதிய பதிப்பு, அளவுக் கணக்குகளைக் கைவிட்டு, தட்டில் பாதியளவு காய்கனி, குடிப்பதற்குத் தண்ணீர் என்று எளிமையாக்கப்பட்டது. மருத்துவர் அலுவலகங்களில் கிடைக்கும் அந்தப் படத்தில் உள்ள தட்டைப் புட்டு, சோறு, சம்பல் என்று மொழிபெயர்த்துப் பார்க்கும் வேலையைப் பெரும்பாலும் தாய்மார்களே செய்ய வேண்டியுள்ளது.

கியூபெக்கின் விளம்பரத் தடையைக் கனடா முழுவதற்கும் விரிவாக்கும் முயற்சி இருமுறை நடந்தது. ஒலிம்பிக் பனிச்சறுக்கு வீராங்கனையாக இருந்து செனட் உறுப்பினரான நான்சி கிரீன் ரெய்ன் 2016இல் கொண்டுவந்த மசோதா, 2019இல் இறுதி வாக்கெடுப்புக்கு வராமலே காலாவதியானது. மொன்றியலைச் சேர்ந்த மக்களவை உறுப்பினர் பாட்ரிசியா லத்தான்சியோ 2022இல் முன்வைத்த மசோதா மக்களவையில் நிறைவேறியது. அது செனட்டில் காத்திருந்தபோது, 2025 ஜனவரியில் நாடாளுமன்றக் கூட்டத்தொடர் முடித்துவைக்கப்பட்டதால் அதுவும் மறைந்தது. சர்க்கரை, உப்பு, நிறைகொழுப்பு மிகுந்த பண்டங்களின் உறையில் முன்பக்கத்திலேயே அதைத் தெரிவிக்கும் குறியீடு இடம்பெற வேண்டும் என்ற மத்திய அரசின் விதிக்கு, நிறுவனங்கள் 2026 ஜனவரி 1ஆம் தேதிக்குள் இணங்க வேண்டும் என்று கெடு விதிக்கப்பட்டது. அதே உறையில் கார்ட்டூன் உருவம் ஒன்றும் சிரித்துக்கொண்டிருப்பதை அந்த விதி தடுக்கவில்லை.